நூற்று நாற்பத்தைந்து பிறந்த கதை

கோட்டாட்சியர் அலுவலக வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "நூத்தி நாப்பத்தஞ்சு போட்டாச்சா?" என்ற கேள்வி எப்படியும் காதில் விழும். வக்கீல் குமாஸ்தா கேட்பார். வரப்புத் தகராறில் மண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் கேட்பார். அவரை அடித்த பங்காளியும் கேட்பார். அவர்கள் கேட்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவைப் பற்றி. 2024 ஜூலை 1 முதல் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவுக்கு அந்த எண் கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அது 164 ஆகிவிட்டது. அதையொட்டி நின்ற 146-ம் 147-ம் முறையே 165, 166 ஆயின. பேச்சில் மட்டும் பழைய எண் அசையவில்லை. அசைய இன்னும் ஒரு தலைமுறையாவது ஆகும்.

பிரிவின் சாரம் எளிது. நிலம், தண்ணீர் அல்லது அவற்றின் எல்லை பற்றிய தகராறு அடிதடி வரைக்கும் போகும் அளவுக்கு முற்றியிருக்கிறது என்று போலீஸ் அறிக்கை வழியாகவோ வேறு வழியாகவோ கோட்டாட்சியருக்குத் தெரியவந்தால், நிர்வாகத் துறை நடுவர் என்ற முறையில் இரு தரப்பையும் அவர் அழைத்து விசாரிக்கலாம். விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இன்றைய தேதியில் அந்த இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது? யாருக்குச் சொந்தம் என்பது அவர் வேலை இல்லை. பத்திரத்தைக் காட்டி உரிமையை நிலைநாட்டுவது உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய காரியம். நடுவர் பார்ப்பது கையில் யார் வைத்திருக்கிறார் என்பதை மட்டும். வைத்திருப்பவரை, சட்டப்படி வெளியேற்றும் வரைக்கும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவார்.

இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குற்றவாளி என்று யாரும் இல்லை, தண்டனையும் இல்லை. நிலம், தண்ணீர் என்றால் என்னென்ன என்று அந்தப் பிரிவே ஒரு பட்டியலும் தருகிறது: கட்டடம், சந்தை, மீன்பிடி இடம், பயிர், மற்ற விளைபொருள், வாடகை, வருமானம். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து ஒருவர் இதை எழுதியிருந்தால் மதகும் மடையும் ஏற்றக் கிணறும் வந்திருக்கும். சந்தையும் மீன்பிடி இடமும் ஏன் வந்தன? ஏனென்றால், இது பிறந்த மண் வங்காளம்.

பத்மாவும் மேக்னாவும் கரைக்குள் அடங்கி ஓடும் ஆறுகள் அல்ல. ஒரு வெள்ளத்தில் ஒரு கரையை அறுத்துக்கொண்டு போய், அடுத்த சில வருஷத்தில் நடு ஆற்றில் புது மண்ணைத் திட்டாகக் கொண்டுவந்து போடும். அந்தத் திட்டுக்கு அங்கே 'சர்' என்று பெயர். வண்டல் மண், முதல் விதைப்பிலேயே அள்ளிக் கொடுக்கும். ஆனால் எல்லைக் கல் எங்கே? அது தண்ணீருக்கு அடியில். போன வருஷம் கரைந்துபோன என் நிலம்தான் இப்போது இங்கே முளைத்திருக்கிறது என்பார் ஒரு ஜமீன்தார். என் கரையை ஒட்டி ஒதுங்கியது எனக்குத்தான் என்பார் எதிர்க்கரைக்காரர். இந்த வண்டல் வழக்குகளுக்கென்றே 1825-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு தனியாக ஒரு விதி போட வேண்டியிருந்தது. ஏரிகளிலும் ஓடைகளிலும் மீன்பிடிக் குத்தகை பெரிய வருமானம், ஆகவே அதற்கும் சண்டை. ஒருவர் சந்தை கூடும் கிழமையிலேயே பக்கத்தில் இன்னொருவர் சந்தை கூட்டினால் அங்கேயும் தலை உருளும்.

ஆற்றுக்கு மேல் இன்னொரு காரணத்தைக் கம்பெனியே உண்டாக்கி வைத்தது. 1793-இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர ஜமீன் முறையில் கிஸ்தி நிர்ணயமாகிவிட்டது. கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டவில்லை என்றால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கல்கத்தாவிலிருந்து காகிதத்தோடு வருவார். பழைய ஜமீன்தாரின் ஆட்களோ நிலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காகிதம் ஒருவர் கையில், மண் இன்னொருவர் காலடியில். நடுவில் லாட்டியால்கள் வந்தார்கள். லாட்டி என்றால் கழி. கூலிக்குக் கழி சுழற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இவர்கள். ஜமீன்தார்கள் இவர்களைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்று நாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது கீழை வங்காளத்தில் அப்படியே நடந்தது.

அதே 1793-இல் ஒரே மூச்சில் வெளியிடப்பட்ட ஏராளமான விதிகளில் 49-ஆம் விதி, எல்லைத் தகராறுகளால் வரும் கைகலப்பைத் தடுப்பதற்கானது. நிரந்தர ஜமீன் முறை பிறந்த ஆண்டிலேயே இதுவும் பிறந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. நாற்று நடும் நேரத்திலும் அறுவடை நேரத்திலும் கழிகள் மோதினால் வயல் தரிசாகக் கிடக்கும், கிஸ்தி நிற்கும். கம்பெனிக்கு வலித்தது அங்கேதான். குடியானவனின் மண்டையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இந்த வேலை உரிமையியல் நீதிமன்றத்தின் தலையில் இருந்தது. அங்கே வழக்கு நகர்வதற்குள் இரண்டு அறுவடை முடிந்துவிடும். ஆகவே 1824-இன் 15-ஆம் விதியும், 1840-இன் 4-ஆம் சட்டமும் மாஜிஸ்திரேட்டிடம் அதிகாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. 1840 சட்டத்தின் நோக்கம் அதன் தலைப்பிலேயே தெரிந்தது: நில அனுபவம் பற்றிய கைகலப்பைத் தடுப்பது, பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு நிவாரணம் தருவது. இன்றைய பிரிவின் எலும்புக்கூடு அப்போதே தயார்.

சொந்தம் யாருக்கு என்று கேட்காமல் அனுபவம் யாரிடம் என்று மட்டும் கேட்கும் அந்தத் தந்திரத்தைக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரோமாபுரியில் பிரீட்டர் என்ற நீதி அதிகாரி இதே கேள்வியைக் கேட்டார்: எதிராளியிடமிருந்து பலவந்தமாகவோ திருட்டுத்தனமாகவோ கெஞ்சி வாங்கியோ அல்லாமல் இப்போது வைத்திருப்பது யார்? அவரை அப்படியே விடு, மற்றதைப் பிறகு வழக்கில் பார்த்துக்கொள். இங்கிலாந்தில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்த 1381-ஆம் ஆண்டிலேயே, பலவந்தமாக நிலத்துக்குள் நுழைவது குற்றம் என்று இரண்டாம் ரிச்சர்டு காலத்துச் சட்டம் ஒன்று வந்தது. பத்திரம் சரியாக இருந்தாலும் கும்பலோடு போய் இறங்கக் கூடாது என்பது அதன் கட்டளை. 1429-இல் வந்த இன்னொரு சட்டம், வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியேற்றும் அதிகாரத்தை அமைதி நீதிபதிகளுக்குத் தந்தது. இந்தப் பரம்பரைச் சொத்தோடு வந்தவர்கள்தாம் வங்காளத்தில் அதைக் கிஸ்திக் கணக்கோடு சேர்த்துத் தைத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் கதை கொஞ்சம் வேறு பக்கம் போனது. இங்கே தகராறின் நடுவில் இருந்தது ஆற்றுத் திட்டு அல்ல, ஏரிப் பாசனம். யார் வயலுக்கு முதலில் பாய்வது, யார் முறை எத்தனை நாழிகை, கடைமடைக்குத் தண்ணீர் விடாமல் தலைமடைக்காரர் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? தாமஸ் மன்றோ தலைமையில் நடந்த நீதித் துறைச் சீர்திருத்தத்தின் பகுதியாக 1816-இல் வந்த விதிகளில் 12-ஆம் விதி, நிலத்தை வைத்திருப்பது, பயிர் செய்வது, தண்ணீர் பாய்ச்சுவது பற்றிய தகராறுகளைக் கலெக்டர் பஞ்சாயத்துகளுக்கு அனுப்பலாம் என்றது. மன்றோ சேலம், பாராமகால் பக்கங்களில் வருஷக்கணக்கில் கூடாரம் போட்டு நிலவரி நிர்ணயித்தவர். வாய்க்காலைத் திருப்பியது யார் என்பது ஊருக்குத் தெரியும், கச்சேரிக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த யோசனை ஓங்கவில்லை. பிற்பாடு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று வந்தபோது வங்காளத்து வார்ப்புதான் நின்றது. இந்த இடத்தில் நாம் ஒன்றை இழந்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பஞ்சாயத்தும் சாதிக்காரர்கள் கையில்தானே இருந்தது என்று கேட்டால், அதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

பொதுச் சட்டம் வருவதற்குச் சற்று முன்னால் வங்காளத்தில் ஒரு சம்பவம். அவுரித் தோட்ட வெள்ளைக்காரர்கள் குடியானவனுக்கு முன்பணம் என்ற பெயரில் சில ரூபாயைத் திணித்துவிட்டு, நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்கச் சொல்வார்கள். மறுத்தால் லாட்டியால்கள் வந்து உழுதுவிட்டுப் போவார்கள். 1859 ஆகஸ்டில், பாராசாத் மாஜிஸ்திரேட் ஆஷ்லி ஈடன் எழுதியதை ஆதாரமாக வைத்து, கலாரோவா டெபுடி மாஜிஸ்திரேட் ஹேமச்சந்திர கர் போலீசுக்கு ஒரு பரவானா, அதாவது எழுத்து உத்தரவு, அனுப்பினார். அதன் சாரம் இது: நிலம் குடியானவர் அனுபவத்தில் இருக்கிறது, அதில் எதை விதைப்பது என்பது அவர் விருப்பம், தோட்டக்காரர் குறுக்கே வந்தால் போலீஸ் குடியானவரைக் காக்க வேண்டும். முன்பணக் கணக்கு இருந்தால் தோட்டக்காரர் நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

புதிதாக எந்த உரிமையையும் அந்தக் காகிதம் தரவில்லை. அனுபவம் யாரிடம் என்ற அதே பழைய கேள்வியைக் கேட்டு, முதல் தடவையாக உண்மையான பதிலை எழுதியது, அவ்வளவுதான். செய்தி ஊர் ஊராகப் பரவியது. இனி அவுரி விதைப்பதில்லை என்று குடியானவர்கள் நின்றுவிட்டார்கள். நீல் கிளர்ச்சி என்று வரலாறு சொல்லும் எழுச்சிக்கு அது ஒரு திரி. அடுத்த ஆண்டே அரசு அவுரி விசாரணைக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. ஜமீன்தாரின் கிஸ்திக்காக அடிக்கப்பட்ட ஆயுதம் ஏழையின் கைக்கு வந்து சுழன்றது அபூர்வம். அப்படிச் சுழன்றதற்குக் காரணம் சட்டமா, அதைக் கையில் வைத்திருந்த இரண்டு அதிகாரிகளா என்று கேட்டால், அதிகாரிகள் என்றுதான் சொல்வேன்.

1861-இல் வந்த முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த அதிகாரம் 318-ஆம் பிரிவாக உட்கார்ந்தது. 1872-இல் 530. 1882-இல்தான் 145 என்ற எண் கிடைத்தது. 1898 சட்டமும் 1973 சட்டமும் அதை மாற்றாமல் வைத்துக்கொண்டன. 142 வருஷம் ஒரே எண்ணில் இருந்ததால்தான் அது ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்துப் பிரிவான 147-ஐ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான். நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றியது அது: வண்டிப் பாதை, வாய்க்கால் வழி, கிணற்றில் தண்ணீர் எடுப்பது. அந்த உரிமையை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்தி வந்தாரா என்று பார்க்க அது கால அளவு வைக்கிறது. வருஷம் முழுக்கப் பயன்படும் உரிமை என்றால், புகார் வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் உரியது என்றால், கடைசியாகப் போன பருவத்தில் பயன்படுத்தியிருந்தால் போதும். சம்பாவுக்கு மட்டும் தண்ணீர் பாயும் வாய்க்காலைப் பற்றிக் கோடையில் போய், மூன்று மாதமாக நீ பாய்ச்சவில்லையே என்று ஒருவரை மடக்க முடியாது. இதை எழுதியவர் யாராயிருந்தாலும், வயலுக்குப் போய்ப் பார்த்தவர்.

145-இலும் அப்படிச் சில இடங்கள் உண்டு. முதல் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், அமைதி கெடும் என்று ஏன் நினைக்கிறார் என்ற காரணத்தை நடுவர் அதிலேயே சொல்ல வேண்டும். ஒரு நகலைத் தகராறான இடத்திலேயோ பக்கத்திலேயோ கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். வயலோரப் பனையிலோ மோட்டார் ரூம் கதவிலோ பசை காயாமல் தொங்கும் அந்தத் தாளைப் பார்த்திருப்பீர்கள். விளைந்த பயிர் வீணாகிவிடும் என்றால் அதைப் பாதுகாக்கவோ விற்கவோ நடுவர் ஏற்பாடு செய்யலாம். கடைசியில் அனுபவம் யாரிடம் என்று முடிவான பிறகு, அந்தப் பயிர் அல்லது விற்ற பணம் என்ன ஆவது என்றும் அவரே சொல்வார். புகார் வந்த தேதிக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், இன்னமும் அனுபவத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி வேலி போட்டுவிட்டு, காலையில் "என் அனுபவம்" என்று வந்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

அவசரம் என்று தோன்றினாலோ, இரண்டு பேர் அனுபவத்திலும் இல்லை என்றாலோ, யாரிடம் என்று முடிவு செய்ய முடியாவிட்டாலோ, நடுவர் இடத்தையே முடக்கிவிடலாம். இது 146. தற்காலிக ஏற்பாடு. எத்தனை தற்காலிகம்? 1949 டிசம்பர் 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில் அயோத்தியில் பாபர் மசூதிக்குள் ராமர் சிலைகள் வைக்கப்பட்டன. 29-ஆம் தேதி கூடுதல் நகர மாஜிஸ்திரேட் 145-இன் கீழ் உத்தரவிட்டு அந்த இடத்தை முடக்கினார். பைசாபாத் நகராட்சித் தலைவர் பிரியா தத் ராம் ரிசீவராக நியமிக்கப்பட்டு, 1950 ஜனவரி 5-ஆம் தேதி பொறுப்பேற்றார். வரப்புச் சண்டைக்கென்று வங்காளத்தில் பிறந்த பிரிவு, இந்த நாட்டின் மிகப் பெரிய நில வழக்கின் முதல் தாளானது. உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது 2019 நவம்பர் 9-இல்.

திருத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1955-இல், விசாரணையை இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். வாய்மொழிச் சாட்சியத்துக்குப் பதில் பிரமாணப் பத்திரம் போதும் என்றார்கள். முடிவு செய்ய முடியாத வழக்கை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பி அனுபவத்தைத் தெரிந்துகொள்ளும் வழியும் வைத்தார்கள். அது போக்குவரத்தைத்தான் கூட்டியது. 1973-இல் அந்த வழி எடுக்கப்பட்டது, அதிகாரம் முழுக்க நிர்வாகத் துறை நடுவரிடம் வந்தது. உரிமையியல் நீதிமன்றத்தில் ஏற்கெனவே அதே சொத்து பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தால் இணையாக 145 நடத்துவதில் நியாயம் இல்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு இடத்திலும் சக்கரம் சுற்றி எதிராளியை ஓட ஓட விரட்டுவது நம் ஊரில் ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது.

உரிமை யாருக்கு என்று கேட்காத அந்தப் பிறவிக் குணம் மட்டும் போகவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் வருவதை மற்றவர்கள் எதிர்த்துத் தகராறு முற்றியது. கோட்டாட்சியர் 145-இன் கீழ் நடவடிக்கை எடுத்துக் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார். தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சட்டத்தின் 17-ஆம் கூறு சொல்கிறது. கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணம் 1947-இலேயே சட்டம் செய்துவிட்டது. உள்ளே போக உரிமை உண்டா என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில், அமைதி கெடும் என்ற ஒற்றைக் காரணத்துக்காகக் கதவு எல்லோருக்கும் சாத்தப்பட்டது. உரிமை உள்ளவரையும் தடுப்பவரையும் ஒரே தராசில் இரண்டு 'தரப்பு' என்று வைக்கும் பிரிவு இது. அதை வரப்புக்குப் பயன்படுத்தலாம். மனிதரை உள்ளே விடுவதா என்ற கேள்விக்குப் பயன்படுத்தியது தவறு.

இலங்கையில் இது வேறு எண்ணோடும் வேறு கையிலும் இருக்கிறது. 1973-இல் வந்த நீதி நிர்வாகச் சட்டத்தில் முளைத்து, 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66-ஆம் பிரிவாக நிலைத்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காணித் தகராறு முற்றினால் பொலிஸார் இந்தப் பிரிவில்தான் தகவல் தாக்கல் செய்வார்கள். பொலிஸார் போகாவிட்டால் தரப்பினரே போகலாம். இரண்டு மாதக் கணக்கு அங்கேயும் உண்டு, காணியில் அறிவித்தல் ஒட்டுவதும் உண்டு. ஆனால் முடிவு சொல்பவர் நிர்வாக அதிகாரி அல்ல, நீதவான். விசாரணைக்கு முன் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்றும் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. நம்முடையதைவிட இது மேல். வரி வசூலும் சட்டம் ஒழுங்கும் அனுபவ விசாரணையும் ஒரே மேசையில் இருப்பது கம்பெனிக் காலத்து வசதி. அதை நாம் 2024-இலும் எண்ணை மாற்றி அப்படியே எடுத்துவைத்துக்கொண்டோம்.

இப்போது நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஒருவர் இதைப் படித்தால் அவருக்கு மூன்று கெடுக்களைச் சொல்ல வேண்டும். கோட்டாட்சியரிடம் 164-இன் கீழ்ப் பழைய நிலையைக் கேட்க வேண்டுமானால், வெளியேற்றிய இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பத்திரத்தைக் காட்டாமல், பலவந்தமாக வெளியேற்றினார்கள் என்பதை மட்டும் வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் மீட்க வேண்டுமானால், குறித்த வகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதம். சொத்துரிமையை நிலைநாட்டி மீட்க, காலவரையறைச் சட்டப்படி பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு. கோட்டாட்சியர் உத்தரவு சாதகமாக வந்தவரும் மூன்றாவதை மறந்துவிட வேண்டாம், எதிராளி அந்தக் கதவை இன்னமும் தட்டலாம். அடங்கல் நகல், மின் கட்டண ரசீது, நிலவரி ரசீது மூன்றையும் வருஷா வருஷம் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விசாரணை நாளில் அனுபவத்துக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புதான்.